வேற கம்பெனி

இருட்டோடு ஏறி இருட்டோடு இறங்குகிறவர்.
மூன்று வருடத்தில் ஒருமுறையும் முகம் பார்த்ததில்லை.
ஏணிக்கூண்டுக்குள் மேலே போகும் டிபன் கேரியர்,
ரெண்டு தண்ணீர் பாட்டில்,
அப்புறம் பகல் முழுக்க
வெயில் பட்டு எரியும் ஒரு கண்ணாடிச் சதுரம்.
கபிரியேல் அண்ணன் என்றால் எனக்கு அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று சொல்லக்கூடாது.
ரெண்டு டன் கம்பிக்கட்டை
விளிம்புவரை நிறைந்த தம்ளர்போல்
என் முன்னால் வைப்பார்.
புழுதிக்காற்று தோஹாவையே மறைத்த அன்று
கட்டு சுழன்று எங்கள் நாலுபேர் தலைக்கு நேரே வந்தது.
தில் பகதூரின் வாக்கிடாக்கியில் ஒரு குரல்,
முதலில் இந்தியில், அப்புறம் தூத்துக்குடியில்:
"எவனும் அசையாதிங்கலே."
காற்று நின்றதா அவர் நிறுத்தினாரா தெரியாது.
கட்டு நின்றது.

அன்றிலிருந்து ஒரு வாக்கியம் வைத்திருந்தேன்.
கேம்ப் குளியலறை வரிசையில்
வாயில் பேஸ்ட் நுரையோடு சொல்லிப் பார்ப்பேன்:
அண்ணே, அந்த நாலுபேர்ல நான் ஒருத்தன்.

வெள்ளிக்கிழமை, சனையா, பணம் அனுப்பும் கடை.
டோக்கன் இருநூற்றுப் பதினேழு.
எனக்கு முன்னால் ஒரு குள்ளமான மனிதர்,
கட்டம்போட்ட சட்டை, பிடரியில் நரை,
ஒரு செருப்பில் வார் மாற்றியிருந்தது.
திரும்பினார்.
"தம்பி, பேனா இருக்கா?"

அந்தக் குரல்.
இரைச்சல் இல்லாமல், ஒரு முழம் தூரத்தில்.
வெற்றிலைக் கறை இருந்தது பல்லில்.

பேனாவை நீட்டினேன்.
மூடியைக் கழற்றாமல் நீட்டினேன், பிறகு பிடுங்கிக் கழற்றி நீட்டினேன்.
அமலோற்பவம் என்று
ஆங்கிலத்தில் எழுதும்போது எழுத்து கட்டத்தைத் தாண்டிவிட்டது.
அடித்துவிட்டு இன்னொரு படிவம் கேட்டார்.
கவுண்டர் பையன் சிரித்தான்.
யாரைப் பார்த்துச் சிரிக்கிறாய் தெரியுமா என்று
அவனிடமும் நான் கேட்கவில்லை.

"எந்தக் கம்பெனி?"
காத்திருக்கும் நேரத்துக்குச் சும்மா கேட்டார்.
வாக்கியம் தொண்டைவரை வந்தது.
என் வாய் சொன்னது:
"வேற கம்பெனிண்ணே."
ஏன் சொன்னேன் என்று கர்த்தருக்குத்தான் தெரியும்,
அவருடைய கர்த்தருக்கோ என்னுடைய அல்லாவுக்கோ.

"வெயில்ல வேலையா?"
"இல்லண்ணே. ஆபீஸ், ஏசி."
பொய் குட்டி போட்டது.
கட்டுக்கம்பி கிழித்த விரல்களைப்
பேண்ட் பாக்கெட்டுக்குள் அனுப்பிவிட்டேன்.
"நல்லா இருப்பா," என்றார்.
ரசீதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்,
பக்கத்திலேயே என் பேனாவை.
கூப்பிடலாம். கூப்பிட்டால் திரும்புவார்.
அதனால் கூப்பிடவில்லை.

சனிக்கிழமை.
வழக்கமாகக் கட்டு இறங்கும்போது மேலே பார்த்துக் கை காட்டுவேன்.
இன்று ஹெல்மெட்டைப் புருவம்வரை இழுத்துவிட்டேன்.
"தலைவலியா?" என்று தில் பகதூர் கேட்டான்.
அந்த உயரத்துக்கு நாங்களெல்லாம் மஞ்சள் புள்ளிகள்,
எந்தப் புள்ளிக்கும் ஆபீஸும் கிடையாது, முகமும் கிடையாது.
தெரியும். இருந்தாலும்.
அந்தக் கண்ணாடிக்குள் இப்போது என் பேனா இருக்கிறது.

கட்டு வந்தது.
பலகைக்கு ஒரு சாண் மேலே நின்றது.
ஏன் நிற்கிறது என்று குனிந்தே யோசித்தேன்.
பிறகுதான் பார்த்தேன்,
என் இடது கால் அடியில் இருந்தது.

எடுக்கும்வரை
அப்படியே நின்றது.