இருபத்தைந்து கிலோ

பொக்கராவில், சேதி ஆற்றங்கரையில்
மணலைத் தராசில் நிறுத்துத்தான்
கூடையில் கொட்டினார்கள்.
ஒரு கைப்பிடி கூடுதலாக விழுந்ததை
எழுத்தர் திருப்பி அள்ளிக்கொண்டார்.
அவ்வளவு நேர்மையாக
எனக்கு யாரும் எதையும் எடைபோட்டுத் தந்ததில்லை.

நெற்றிப்பட்டையில் கூடை.
ஐந்து கிலோமீட்டர் ஏற்றம்.
எனக்கு முன்னால் ஓடியவன் பஹல்மான்.
மூன்றாவது வளைவில் நின்றான்,
கூடையை இறக்கினான்,
அதன் மேலேயே உட்கார்ந்து
ஷூவிலிருந்து ஒரு கல்லை எடுத்துப் போட்டான்.
"நீ போ. எனக்கு இது போதும்."
கால் பிசகவில்லை, மூச்சு முட்டவில்லை.
இன்றுவரை காரணம் சொல்லவில்லை.

நான் ஓடினேன்.
பயிற்சி மையத்துக்குக் கட்டிய ஒன்றரை லட்சம்,
அதற்காக அக்கா தில்குமாரி
தையல் மெஷின் மேல் வாங்கிய கடன்,
தரான் கூட்டுறவுச் சங்கத்தின் வட்டி.
மணலைவிட அது கனம் என்று எழுதினால் அழகாயிருக்கும்.
பொய். மணல்தான் கனம்.
கழுத்து நரம்புக்குக் கணக்குத் தெரியாது.

மறுநாள் நேர்காணல்.
'பணம் என்ற சொல்லை மட்டும் வாயில் எடுக்காதே'
என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள்,
பணம் வாங்கிக்கொண்டு.
மரபு, மானம், செஞ்சோற்றுக்கடன்:
மூன்றையும் ஆங்கிலத்தில்
உச்சரிப்புப் பிசகாமல் நெட்டுருப் போட்டிருந்தேன்.
யார் சோறு என்று மட்டும் கேட்டுவிடக்கூடாது.

செம்பட்டை மீசைக்கார அதிகாரி
காகிதத்தைப் பார்க்காமலே கேட்டார்:
"தரானில் ஓர் அரிசி ஆலை
இதே சம்பளம் கொடுத்தால்
இங்கே வருவாயா?"

ஆலைக்குள் என்னை நிறுத்திப் பார்த்தேன்.
தவிட்டுப் புகை, பெல்ட் இரைச்சல்,
ஆறு மணிக்கு வீடு, அக்கா வைத்த சோறு.
குறை ஒன்றும் தெரியவில்லை.
பிறகு, கேட்காமலே,
நேற்றைய கடைசி ஏற்றம் வந்து நின்றது.
கண்ணில் வேர்வை.
முன்னால் எவனும் இல்லை.
அந்த ஒரு நிமிடம் கடனும் இல்லை.
கால்கள் மட்டும் இன்னும், இன்னும் என்று.
வீரம் இல்லை அது.
பசி மாதிரி ஏதோ.
யாருக்காக, யாரைச் சுட என்று
அது ஒரு வார்த்தை கேட்கவில்லை.
அதுதான் பயமாயிருந்தது.

"தெரியவில்லை, ஐயா."

எதையோ எழுதிக்கொண்டார்.
சின்னச் சொல்தான்.
தலைகீழாக எனக்கு வாசிக்க வரவில்லை.

பட்டியல் ஒட்ட இன்னும் இரண்டு மணி நேரம்.
வாசலில் பஹல்மான்,
கையில் இரண்டு தட்டு மோமோ, அவன் காசில்.
"என்ன கேட்டாங்க?"
"அரிசி ஆலையைப் பத்தி."
சிரித்தவன் என் நெற்றியைப் பார்த்து நிறுத்தினான்.
பட்டை அழுந்திய தடம் இன்னும் சிவந்திருந்தது.
"அடிக்கோடு மட்டும் போட்டு விட்டுருக்காங்க.
எழுத்தைக் காணோமே?"

காரச் சட்னி இன்னும் கொஞ்சம் கேட்டேன்.