இருபத்தொன்பதுக்குப் பிறகு

வால்பரைசோவில்
எங்கள் குன்றுக்கு ஏறும் இழுவைப் பெட்டி
பதினோரு மாதமாகப் பழுது.
அதனால் படிக்கட்டு.
திருவிழாக்காரர்கள் அதையும் விடவில்லை:
ஒரு மீன்காரியின் முகத்தைக் கீற்றுக் கீற்றாக வெட்டிப்
படிக்கொன்றாய் ஒட்டியிருந்தார்கள்.
தெருவில் நின்று பார்த்தால் முழுசாகச் சிரிக்கிறாள்.
ஏறினால்
காகிதம், பசை, யாரோ துப்பிய சூயிங்கம்.

காஸ்பர் முகவாயிலேயே நின்றுவிட்டான்.
ஐந்து வயது. புது ஷூ.
மிதிக்க மாட்டானாம்.
"மிதிக்கிறது படியைத்தான்டா,
மூஞ்சி முன்பக்கம்ல இருக்கு" என்றாள் மில்லராய்,
பத்துப் படி மேலிருந்து,
எங்களோடு வராதவள் போல.
"அப்ப உதைக்கிறோமா?"

பின்னால் கூட்டம் சேர்ந்தது.
ஒரு பாதிரியார், குழந்தை வண்டியைத் தூக்கிய இருவர்,
ஐஸ்பெட்டிக்காரர்.
படிக்கு ஒரு மன்னிப்பு என்று பேசி முடித்தோம்.
கீழுதட்டுக்கு ஒன்று, மேலுதட்டுக்கு ஒன்று,
மூக்குக்கு மட்டும் ஏழு.
இடது கண்ணில் ஒரு தெருநாய் தூங்கியது.
அதனிடமும் கேட்டான்.

கிடங்குக்குள் எல்லாப் படமும்
என் உயரத்துக்கு மாட்டியிருந்தன.
ஆறு படம் வரை தூக்கிக் காட்டினேன்.
ஏழாவதில் என் இடுப்பு பேசியது.
இறக்கிவிட்டேன்;
அவன் அதன்பிறகு
பார்க்க வந்தவர்களின் முட்டிகளைப் பார்த்தான்,
ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல்.

எரிந்த குன்றின் அறையில்
சாம்பல் நடுவே ஒரு குளியல்தொட்டி மட்டும்.
மில்லராயின் கூட வந்த பையன் எலெயாசார்
("கிளாஸ்மேட்" என்றாள், என் கண்ணைப் பார்க்காமல்)
காலையிலிருந்து வாய் திறக்காதவன்
"எங்க தெரு" என்றான்.
அவ்வளவுதான்.
அவள் ஒரு காதிலிருந்து இயர்போனைக் கழற்றினாள்.
இன்னொரு காதில் பாட்டு
ஓடிக்கொண்டுதான் இருந்தது, எனக்கே கேட்டது.
நாங்கள் அங்கே கொஞ்சம் அதிக நேரம் நின்றோம்.

வெளியே, காற்றில் படபடக்கும் கூடாரத்தில்
பிஸ்கட் டப்பாவில் கேமரா செய்தார்கள்.
ஓர் ஊசித் துளை, கறுப்பு டேப், அவ்வளவே.
விரலெல்லாம் மருந்துக் கறையோடு டாமரிஸ் என்ற பெண்
காஸ்பரிடம் சொன்னாள்:
டேப்பை எடு, நாற்பது எண்ணு, மூடு.
எதிரே நாங்கள் மூவரும் கடலுக்கு முதுகு காட்டி
மூச்சையும் அடக்கி நின்றோம்.

யாருக்குத் தெரியும்,
அவனுக்கு இருபத்தொன்பது வரைதான் தெரியும் என்று?
இருபத்தொன்பதுக்குப் பிறகு
நாணயமாக இருபதுக்குத் திரும்பினான்.
மறுபடி இருபத்தொன்பது.
மறுபடி இருபது.
சிரிப்பை அடக்கி மில்லராயின் தோள் குலுங்கியது;
எலெயாசாரின் தோளும்;
நிறுத்தச் சொல்லி டாமரிஸ் கை நீட்டினாள்,
பிறகு ஏனோ இழுத்துக்கொண்டாள்.
துறைமுகத்தில் ஒரு கப்பல் கிளம்பியே போய்விட்டது.

சிவப்பு விளக்கடியில், தட்டில்,
காகிதம் கறுத்தது, இன்னும் கறுத்தது, நிற்கவில்லை.
வெளிச்சம் ஜாஸ்தியாகிவிட்டால் இப்படித்தான்,
இன்னொன்று எடுக்கலாமா என்றாள் டாமரிஸ்.
"வேண்டாம்" என்றான்.
"நான் ரொம்ப நேரம் எண்ணிட்டேன்,
அதனால ராத்திரி ஆயிடுச்சு."

இறங்கும்போது மில்லராய் எங்களுக்குக் கீழே, ஒரே ஒரு படி.
ஈரக் காகிதத்தை அவள்தான் பிடித்திருந்தாள்,
ஓரத்தில், இரண்டு விரலால்.
உற்றுப் பார்த்தால் அந்தக் கறுப்பில்
மூன்று இடங்கள் கொஞ்சம் குறைவாகக் கறுத்திருக்கின்றன.
எது யார் என்று பேருந்து வரும்வரை சண்டை.
ஓட்டுநரிடமும் நீட்டினான் காஸ்பர்.
அவர் விளக்கைப் போட்டுப் பார்த்தார்,
பின்னால் ஹாரன் அடித்தும் பார்த்தார்:
"நடுவுல நிக்கிறவர் நகர்ந்துட்டார் போல."

நடுவில் நின்றது நான்.
நகரவே இல்லை.
கண்ணாடி வழியே திரும்பிப் பார்த்தேன்:
மீன்காரி மறுபடி முழுசாகியிருந்தாள்.
நாய் இப்போது
அவள் வாய்க்கு மாறியிருந்தது.