செல்லாது

கேப்பர் மலைச் சிறையில்
தண்டனைக் கணக்கு எழுதுகிறவன் நான்.
விலங்கைத் தொட்டதில்லை. சாவிக்கொத்து என்னிடம் இல்லை.
பச்சை அட்டைப் பேரேடு, ஒரு கால்குலேட்டர்,
சிவப்பு மையில் விடுதலைத் தேதி.

பாவாடைராயன், தேவனாம்பட்டினம்.
வலைத் தகராறில் துடுப்பை ஓங்கியவன்.
அடிபட்ட இருவரில் ஒருவர் செத்துப்போனார்.
இல்லையென்று ஒருநாளும் அவன் சொன்னதில்லை.
மஞ்சக்குப்பம் கோர்ட் முதலில் போட்டது
பத்தும் நாலும், ஒன்று முடிந்து மற்றொன்று.
உயர்நீதிமன்றம் குற்றத்தைத் தொடவில்லை,
தண்டனையை மட்டும் மறுபடி பார் என்று திருப்பி அனுப்ப,
அதே கோர்ட்டில் வேறொரு நீதிபதி
பத்தை ஏழாக்கினார்.
கூடவே ஒரு சொல்லை மாற்றினார்:
ஏககாலத்தில்.

அந்தக் காகிதம் தானே புயல் வாரத்தில் வந்தது.
ஓடு பறந்து, கரண்டு போய்,
மலையடி முந்திரியெல்லாம் வேர் காட்டிக் கிடக்க,
நனைந்த கட்டுகளைக் கொடியில்
துணிபோலக் காயப்போட்டோம்.
மெழுகுவத்தி வெளிச்சத்தில் நான்
பத்தை அடித்து ஏழு எழுதினேன்.
சொல்லைப் பார்க்கவில்லை.
ஏழும் நாலும் பதினொன்று.
கூட்டல் சரி.

கூடப்பிறந்தவள் அஞ்சலாட்சி, மனு பார்க்க வந்தவள்,
ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:
"தட முடிஞ்சி கடல்ல எறங்குன ஆனில புடிச்சிட்டுப் போனாங்க.
ஏழு தட போட்டைக் கரையேத்தி எறக்கியாச்சி.
எட்டாவதும் முடிஞ்சிது. ஏன் சார் இன்னும்?"
பேரேட்டைத் திருப்பி அவளுக்குக் காட்டினேன்,
எழுத்துக்கூட்டிப் படிக்கிறவளுக்கு.
அவள் எண்ணைப் பார்க்கவில்லை.
என்னைப் பார்த்தாள்.

சென்னைக்குப் போய்
ஆட்கொணர்வு மனு போட்டாள்.
காணாமல் போனவரைத் தேடப் போடுவது என்று நினைத்திருந்தேன்.
இவன் இருக்குமிடம் எல்லோருக்கும் தெரியும்:
மூன்றாம் பிளாக், சுவரோரப் படுக்கை.
அரசு வக்கீல் அதைத்தான் சொன்னார்:
"தீர்ப்பின்பேரில் உள்ளே இருப்பவருக்கு
இந்த மனு செல்லாது."
"எந்தத் தீர்ப்பின்பேரில்?
பழையதா, புதியதா?
இன்று காலை இந்த மனிதரைப் பிடித்துவைத்திருக்கும்
காகிதத்தை எனக்குக் காட்டுங்கள்"
என்றார் நீதிபதி, கண்ணாடியைக் கழற்றி.

கட்டை அவிழ்த்தேன்.
எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது,
ஓரம் பழுத்து, கொடியின் தடம் குறுக்கே விழுந்து.
நிறைய வரிகளில் மை பரவியிருந்தது.
அந்த ஒரு சொல்லில் பரவவில்லை.
பரவியிருந்தால் புயலைச் சொல்லியிருப்பேன்.

நானூற்றிரண்டு நாள் கூடுதல்.
நன்னடத்தைச் சலுகையைக் கழிக்காமலே.
இரண்டு போலீஸ்காரர் நடுவில் நின்ற பாவாடைராயன்
தொகையைக் கேட்டும் முகம் மாறாமல் இருந்தான்.
யாரோ அவனுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள்.

மறுநாள் இரவு வாசலில் உடைமைகளை எண்ணிக் கொடுத்தோம்.
கைலி ஒன்று. நீலச் சட்டை ஒன்று. நின்றுபோன கடிகாரம்.
சட்டையின் மடிப்பைப் பல்லால் பிரித்தான்,
தைத்துவைத்த ஐநூறு ரூபாய்.
காவலர் சிரித்தார். "இது செல்லாதுப்பா."
"எப்பலேர்ந்து?"
சொன்னார்.
கால்குலேட்டர் இல்லாமலே போட்டுப் பார்த்தேன்.
ஆனியில் விட்டிருந்தால்
ஐப்பசி வரை செல்லும்.

அஞ்சலாட்சி நோட்டை வாங்கி நாலாக மடித்தாள்,
கவுண்டர் இடுக்கு வழியாக உள்ளே தள்ளினாள்.
"கணக்குல வச்சிக்கோ சார்."
கடைசி டவுன் பஸ் போய்விட்டது என்றேன்.
எறக்கந்தானே என்று
இருவரும் நடக்க ஆரம்பித்தார்கள்.

பேரேட்டில் அதற்கு ஒரு கலம் இல்லை.
காலையில் எல்லாக் கட்டுகளையும் இறக்கினேன்.
எண்களை விட்டுவிட்டு
சொற்களை மட்டும் படித்துக்கொண்டிருக்கிறேன்.
முப்பத்தொன்று முடிந்தது.
இன்னும் அறுநூற்றுச் சொச்சம்.