கம்பத்தில் ஆள்

செட்டிச்சாவடிக் காட்டில் பன்னிரண்டு தகடுகள்.
விடிந்ததும் ஈரத்துணியால் துடைப்பேன்.
வெள்ளைக்கல் சுரங்கத்துத் தூசி
மாவு சலித்ததுபோல் படிந்திருக்கும்.
துடைக்காத நாளில் எத்தனை யூனிட் நட்டம் என்று
மீட்டர் முகத்துக்கு நேரே சொல்லும்.

விண்ணப்பம் மூன்று படி.
சிட்டா, அடங்கல், வரைபடம்.
ஆதாரில் பாவாயி, பட்டாவில் பாப்பாயி,
இரண்டும் நான்தான் என்று
ஐந்து ரோட்டில் ஒரு நோட்டரி நம்ப வேண்டியிருந்தது.
உங்கள் டிரான்ஸ்பார்மரில் இனி இடமில்லை
என்றது முதல் கடிதம்.
வெயிலுக்கு இடமில்லையா என்று கேட்டேன்.
கவுண்டர்ப் பெண் சிரித்தாள்,
சிரித்தபடியே முத்திரை குத்தினாள்:
திருப்பப்பட்டது.

பதினோரு மாதம் கழித்து
கொடுத்ததையும் வாங்கியதையும் தனித்தனியே எண்ணும்
ஒரு பெட்டி வந்து சுவரில் உட்கார்ந்தது.

சித்திரை. மதியம் பன்னிரண்டேகால்.
லைன் போனது.
போன நொடியே என் தகடுகளும் போயின.
மேலே சூரியன், கீழே தொள்ளாயிரம் அடியில் தண்ணீர்,
நடுவில் விதி.
அதுவரை விதி என்றால்
தலையெழுத்து என்றுதான் நினைத்திருந்தேன்.

இன்வெர்ட்டரில் ஒரு சிவப்புப் புள்ளி.
பாத்தியில் கனகாம்பரம் இலை சுருட்டுகிறது.
"லைன் செத்தா நீங்களும் சாகணும்மா,
ரூல் அப்படி"
போனில் உதவிப் பொறியாளர்.
அவசரத்தில் அவருக்கு வேறு சொல் கிடைக்கவில்லை.

தகடு மாட்டிய பையன் முன்பே சொல்லியிருந்தான்:
ஒரு செட்டிங்கை மாத்தினாப் போதும்க்கா,
அறுநூறு ரூபா, எவனுக்குத் தெரியும்?
எண்ணை மனப்பாடமாக வைத்திருந்தேன்.
அழைக்கத்தான் வரப்பேறினேன்,
வீட்டருகே சிக்னல் கிடைக்காது.

மூன்றாவது கம்பத்தில் ஆள்.
மாதேசன்.
ஒரு கையில் மட்டும் உறை,
மற்றதை இடுப்பில் செருகியிருந்தார்.
காக்கை கட்டிய கூட்டிலிருந்து
துருக்கம்பிகளை ஒவ்வொன்றாய் உருவிக் கீழே போட்டார்.
கம்பத்தடியில் அவர் செருப்பு,
நிழலில் தூக்குப்போசி.

"பாவாயிக்கா, உங்க பக்கமிருந்து கரண்டு வராதில்ல?"
திரும்பிப் பார்க்காமலே கேட்டார்,
மழை வராதில்ல என்பதுபோல.

வராது என்றேன்.
சொல்லிவிட்டு ஓடினேன்,
சிவப்புப் புள்ளி எரிகிறதா என்று பார்க்க.
எரிந்தது.
நிழலில்லாத சுவரோரம் அங்கேயே நின்றேன்,
மூன்றரைக்கு லைன் வரும்வரை.

நாலு பாத்தி கருகிவிட்டது.
அதற்கு எந்தப் படிவம், எத்தனை படி,
கவுண்டரில் கேட்டிருக்கிறேன்.