கிளிக்கரி

பறவை இல்லை.
ஃபைஃப் கடற்கரையில், எங்கள் சுரங்கத்தின் அடிமடியில்
இரண்டு சாண் கனத்தில் படுத்திருக்கிறது.
தீயில் வைத்தால் படபடவென்று பேசும்.
அதனால் இந்தப் பெயர்.

நான் பெத்தியா இம்ரீ.
பிரிக்கும் மேடையில் பதினோரு வருடம்.
சரிந்து வருவதில் கல் ஒரு பக்கம், கரி ஒரு பக்கம்,
கிளி மட்டும் தனியே, பூட்டு போட்ட பெட்டிக்கு.
எடின்பரோவின் தெருவிளக்குகளுக்கு
வாயு அதிலிருந்துதான் போகிறதாம்.
நான் அந்தத் தெருக்களைப் பார்த்ததில்லை.

அதைப் பிரிக்கக் கண் வேண்டாம், விரல் போதும்.
மற்ற கரி மினுக்கும், நகத்துக்குள் ஏறும்,
இரவு ரொட்டிவரை கூடவே வரும்.
இது மங்கல். மழைநாளில் கடலின் நிறம்.
தட்டினால் சிப்பியின் உட்புறம்போல வளைந்து உடையும்.
வெள்ளைத் துணியில் தேய்த்தாலும்
துணி வெள்ளையாகவே இருக்கும்.
யார் முகத்திலும் பூச முடியாத கரி.

ஒருமுறை பிளந்ததில் மீன் செதில் ஒன்று,
சுண்டுவிரல் நகமளவு, இன்னும் பளபளப்போடு.
நோவாவின் வெள்ளம் என்றார் பாதிரியார்.
வெள்ளத்தில் மீன் ஏன் சாகும் என்று
நான் கேட்கவில்லை.
அன்று ஞாயிற்றுக்கிழமை.

மாலையில் வாசலில் டல்லக் நிற்பார், மேற்பார்வையாளர்.
கையை நீட்டு, திருப்பு, முந்தானையை உதறு.
கரி திருடியவள்மேல் கரி இருக்கும்,
அதுதான் அவர் கணக்கு.
என் மார்க்கச்சைக்குள் கிளி
மூச்சுவிடாமல் இருக்கும்.
வெளுத்த துணியோடு நான் கடந்துபோவேன்.

குளிருக்காக இல்லை.
குளிருக்குச் சாதாரணக் கரித்தூள் போதும்.
எனக்கு வேண்டியது வெளிச்சம்.
மெழுகுவர்த்தி வாங்கினால் அந்த வாரம் பால் இல்லை.

நினியன் வெட்டி அனுப்பும் ஒவ்வொரு தொட்டியிலும்
அவன் எண் பொறித்த தகடு தொங்கும்.
என்னைத் தாண்டித்தான் அது எடைக்குப் போகிறது.
பகல் முழுக்க எண்ணிக்கொள்கிறேன்,
சால்வை நூலில் முடிச்சுப் போட்டு:
அவனுக்கு, அவன் தம்பிக்கு,
எதிர்வீட்டு மூன்று பேருக்கும்.
ராத்திரி முடிச்சை அவிழ்த்துப்
பழைய பஞ்சாங்கத்தின் ஓரத்தில் எழுதுகிறேன்.
நான் எழுதியது முப்பத்தேழு.
கம்பெனிப் புத்தகத்தில் முப்பத்தொன்று.
ஆறு தொட்டி எங்கே போயின?
எடைக்காரர் சொல்வார்: கல் கலந்திருந்தது.
கல்லைப் பொறுக்கியவள் நான்.

ஜன்னலில் ஈரக் கம்பளி.
சுள்ளி வேண்டாம், ஒரே ஒரு தீக்குச்சி.
உடனே பிடித்துக்கொள்ளும்,
நீண்ட நாக்கு, நுனிவரை வெள்ளை.
ஊசிக் காதில் நூல் கோக்கலாம்.
ஆனால் வாயை மூடாது.
கையில் கறை வைக்காத கரிக்கு
நாக்கில் அடக்கம் இல்லை.

நேற்று, பனியில், கதவு தட்டும் சத்தம்.
டல்லக்கின் தட்டல், மூன்று, பிறகு ஒன்று.
பஞ்சாங்கம் மாவுப் பெட்டிக்குள் போனது.
கைக்கு அகப்பட்டது உப்பு ஜாடி.
ஒரு பிடி அள்ளி வீசினேன்.
தீ மஞ்சளாகித் தும்மியது.

"என்ன சத்தம் அது?"
"உப்பு, ஐயா. கை தவறிவிட்டது."
குனிந்து பார்த்தார்.
உப்பு வெடித்து முடித்தது.
கிளி முடிக்கவில்லை.
அதற்கு யார் முன்னால் பேசுகிறோம் என்ற கவலையே இல்லை.

"இது உப்பின் சத்தம் இல்லை, இம்ரீ.
எனக்கு இந்தச் சத்தம் தெரியும்."

வாசலில் இருந்து காற்று வந்தது.
நினியன் சுவர்ப்பக்கம் புரண்டு படுத்தான்.
எங்கிருந்து வந்தது அந்தத் தைரியம், தெரியாது.
கேட்டுவிட்டேன்:
"பூட்டின பெட்டியில் போகிற கரி, ஐயா.
எரியும் சத்தம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

தொப்பியைக் கையில் சுற்றினார், ஒரு சுற்று, இன்னொன்று.
உப்பு விலை ஏறிவிட்டது என்றார்.
பனியில் அவர் காலடி
மேட்டு வீடுவரை போனது.

மிச்ச வெளிச்சத்தில் பஞ்சாங்கத்தை எடுத்தேன்.
மாவைத் தட்டினேன்.
நினியன், முப்பத்தெட்டு.
தம்பி, இருபத்தொன்பது.
எதிர்வீட்டு மூன்று பேர், எழுதினேன்.
கொஞ்சம் இடம் விட்டு, அடியில்:
டல்லக், கணக்குத் தெரியவில்லை.