நாற்பத்தேழாம் பக்கம்

இறக்கக்கண்டிப் பாலத்தில் ஸ்கூட்டியை நிறுத்தி
மழைக்கோட்டை உதறினேன்.
சீற்றுக்குக் கீழே
திரிபோஷா இரண்டு பைக்கற்,
இரும்புக் குளிசை, அளவுநாடா.
எல்லோரும் மாங்காய் கேட்பார்கள்.
இவள் கேட்டது கேத்திரகணிதப் பெட்டி.
உள்ளே கவராயம் இருக்கிறதா என்று
திறந்து பார்த்து வாங்கச் சொன்னாள்.

வேணுஜாவுக்குப் பதினாறு முடிந்து பத்து மாதம்.
வயிற்றுக்கு ஏழு.
இரண்டு கணக்கையும் ஒரே அட்டையில் எழுதுகிறேன்.
கணவர் பெயர் என்ற கட்டத்தில்
முதல்நாளே என் பேனை நின்றுவிட்டது.
"கோடு போடுங்கோ மிஸ்" என்றாள்,
"அடிமட்டம் தரட்டா?"

போன வருசம் பங்குனியில்
அவளுடைய பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.
பத்தாம் வகுப்பு, நாற்பது நிமிசம்.
நாற்பத்தேழாம் பக்கம் வந்தபோது
அதிபர் வாசலில் நின்று செருமினார்.
"அதைப் பிள்ளையள் வீட்டில வாசிப்பினம், மிஸ்."
பொடியன்கள் சிரிக்க ஆயத்தமாக இருந்தார்கள்.
பெட்டைகள் மேசைக் கீறல்களை எண்ணினார்கள்.
நான் நாற்பத்தெட்டுக்குத் தாவினேன்.
டெங்கு.
நுளம்பு எங்கே முட்டையிடும் என்று
அந்த வகுப்பில் எல்லோருக்கும் தெரியும்.

வேணுஜா மூன்றாம் வரிசையில் இருந்தாளாம்.
குற்றமாக அல்ல, சும்மா சொன்னாள்,
நான் வயிற்றில் நாடா வைத்திருக்கையில்.
"அண்டைக்குக் குடையை விட்டிட்டுப் போனீங்கள்.
நான்தான் ஓடிவந்து தந்தனான்."
இருபத்தெட்டுச் சென்ரிமீற்றர்.
இரண்டு தரம் அளந்தேன்.
முதல் தரம் கண் தெரியவில்லை.

அவன் கரைவலைக்கு வந்தவன்.
அவனுடைய இலக்கம் இப்போது பாவனையில் இல்லை.
சொன்ன பெயரும் அப்படித்தான் இருக்கும்.
"முதல் தரம் ஒண்டும் ஆகாதெண்டவன், மிஸ்."
அது பொய்யென்று
அவளுக்கு யார் சொல்லியிருக்க வேண்டும்?
வாடியில் பேசினார்கள், ரியூசன் மதிலில் பேசினார்கள்.
இந்தக் கேள்வியை யாரும் பேசவில்லை.
தகப்பன் மூன்று நாள் கடலுக்குப் போகவில்லை,
நாலாம் நாள் போனார்.
தாய் குவைத்திலிருந்து வீடியோவில் அழுதாள்,
கோப்பை கழுவியபடி;
அந்த வீட்டில் நின்று அழ நேரமில்லை.

சீருடை பொருந்தாது,
அதனால் பரீட்சைக்கு வரவேண்டாம் என்றார்கள்.
வலயக் கல்வி அலுவலக வாங்கில்
இரண்டு பின்னேரம் இருந்தேன்.
கடிதம் என் கைக்கு வருமுன்பே
ஃபஸ்மியாவின் உம்மா
சட்டையின் இரண்டு பக்கமும் பிரித்து
வெள்ளைத் துணியில் முக்கோணம் வைத்துத் தைத்திருந்தார்.
காசு வாங்கவில்லை.
புத்தியும் சொல்லவில்லை.

கணித வினாத்தாளன்று விடிய
பியூன் புண்ணியமூர்த்தி மண்டபத்தைத் திறந்து
ஒரேயொரு கதிரையை ஒரு சாண் பின்னுக்கு இழுத்தார்.
பிறகு யோசித்து,
அது மட்டும் தனியாகத் தெரியக்கூடாதென்று
அந்த வரிசை முழுவதையும் இழுத்தார்.

மாசியில், பெரியாஸ்பத்திரியில்,
இரண்டு கிலோ எழுநூறு. பெட்டை.
பெறுபேறு இன்னும் வரவில்லை.

இந்தப் பங்குனியில் நான் அதிபரைக் கேட்கவில்லை.
அறிவித்தேன்.
கோபப்படுவார் என்று நினைத்தேன்;
கதவை வெளியிலிருந்து மெல்லச் சாத்தினார்.
நாற்பத்தேழு என்றதும் பின்வாங்கில் ஒருவன் சிரித்தான்.
"சிரிச்சு முடி தம்பி, நான் நிக்கிறன்."
நின்றேன்.
பேர் எழுதாத துண்டுகளுக்கு
ஒரு பழைய பிஸ்கட் ரின் வைத்திருந்தேன்.
முதலில் வந்த துண்டில்
வலப்பக்கம் சாய்ந்த பொடியன் எழுத்து:
முதல் தரத்திலயும் ஆகுமா?

ஆகும் என்றேன்.
எப்படி என்றும், எப்படித் தடுப்பது என்றும்,
வேண்டாம் என்று ஒருத்தி சொன்னால்
அதற்கு ஒரே அர்த்தம்தான் என்றும்.
மணி அடித்தது. யாரும் எழும்பவில்லை.

குடையை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.
மறதி என்று சொல்லலாம்.
ஸ்கூட்டியடியில் நின்றேன், சாவியைத் தேடுவதுபோல.
ஒரு பெட்டை ஓடி வந்தாள்.
குடையைத் தந்தாள்.
போகாமல் நின்றாள்.