இடைவெளிகளை வெட்டிய இரவு

புன்தா அரெனாஸில் டிசம்பர் வெயில்
இரவு பத்து மணிக்கும் ஜன்னலை விட்டு இறங்காது.
கறுப்புத் துணி வாங்கித் தைத்து மாட்டினேன்.
அதையும் மீறி ஒரு வெளிச்சம் மிஞ்சியது,
என் உள்ளங்கையில்.

எவரிஸ்தோவின் மூச்சைக் காவல் காக்கத்தான்
விழித்திருக்கிறேன் என்று சொல்லிக்கொள்வேன்.
பாதி பொய்.
யாரோ விற்கிற பழைய அடுப்பு,
யாரோ ஒருத்தியின் விவாகரத்து,
காற்று பிடுங்கிப்போன தகரக் கூரை,
விரலால் தள்ளித் தள்ளி மணி மூன்றாகிவிடும்.

மீதிப் பாதி நிஜம்.
பதினாறு வருஷக் குறட்டை அது.
நீரிணையில் கப்பல் ஊதுகிறது என்று
விருந்துக்கு வந்தவர்கள் எழுந்து உட்கார்ந்ததுண்டு.
குறட்டைக்கு நான் பயந்ததில்லை.
அது நிற்கும் இடத்துக்குத்தான் பயம்.
அறுந்த கயிறுபோல் மூச்சு தொங்கும்.
நான் எண்ணுவேன்.
பத்து. இருபது. முப்பது.
பிறகு கிணற்றிலிருந்து மேலே வருபவன்போல்
ஒரு பெரும் இழுப்பு.
காலையில் கேட்டால்,
"நன்றாகத் தூங்கினேனே" என்பான்.

மார்ச்சில் ஆட்டு ரோம மூட்டைகளோடு
லாரி நத்தாலெஸ் சாலையில் வேலியைத் தாண்டிப் போனது.
ஒரு குவனாக்கோ நின்று அவனை வேடிக்கை பார்த்ததாம்.
"ஒரே ஒரு நொடி கண் அசந்தேன்" என்றான்.
அன்றிரவு தலையணைக்கடியில் போனை வைத்துப்
பதிவு செய்தேன்.

மருத்துவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.
மணிக்கு நாற்பத்தேழு தடவை நிற்கிறது என்று
பிறகு பரிசோதனை சொன்னது.
மிக நீண்டது முப்பத்தொன்பது விநாடி.
நான் எண்ணியதில் நாற்பத்தொன்று.

கருவி வந்தது.
ரொட்டிப் பெட்டி அளவு, ஒரு குழாய், ஒரு முகமூடி.
முதல் வாரம் மூன்று முறை பிய்த்தெறிந்தான்.
"யானைக்குப் பிறந்தவன்போல் இருக்கிறேன், பார்க்காதே."
இரண்டாம் வாரம்
பத்து மணிக்குப் படுத்தவன் ஆறு மணிக்கு எழுந்து
காப்பி போட்டான்,
பாடிக்கொண்டே.
திரையில் எண்: மூன்று.
நாற்பத்தேழு, மூன்றாகிவிட்டது.

வீடு அமைதியாகிவிட்டது.
அந்த அமைதியில்தான்
எனக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை.
பதினாறு வருஷம் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு
மிதந்தவள் நான்.
இப்போது பிடிக்க ஒன்றுமில்லை.
இருட்டில் அவன் முகமூடிமேல் கை வைத்து
வெளிவரும் காற்று தொடுகிறதா என்று பார்ப்பேன்.
தொடும். ஆனாலும் பார்ப்பேன்.

பதிவு போனிலேயே இருந்தது.
வெட்கம்தான்.
காதில் ஒற்றைக் குமிழை மாட்டி
மெல்ல ஓடவிட்டேன்.
கண் சொருகியது. உடல் கனத்தது.
அப்புறம் அந்த இடைவெளி வந்தது,
துள்ளி எழுந்தேன்.
பக்கத்தில் அவன்
நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறான்.
காதுக்குள் செத்துக்கொண்டிருக்கிறான்.

யஸ்னாவிடம் கொடுத்தேன்.
மகள் ஒன்றும் கேட்கவில்லை.
சமையல் மேசையில் மடிக்கணினியைத் திறந்து
தட்டையான கோடுகளைத் தேடித்தேடி வெட்டினாள்.
"எல்லாம் எடுத்தாச்சு அம்மா.
ஆறு மணி நேரம் நாலரையாகச் சுருங்கிவிட்டது."
அப்பா ஒருதடவைகூட நிற்காத ஒரு இரவு,
அவர் வாழ்ந்தேயிராத இரவு,
நாலரை மணி நேரம்.

அதைக் கேட்டுத் தூங்கினேன்,
ஏழெட்டு வாரம்.
அடுப்பு விற்பவர்கள் என்ன ஆனார்களோ.
திரையைக் கவிழ்த்து வைக்கப் பழகியிருந்தேன்.

நேற்று காற்று நூற்றுப்பத்தில் அடித்தது.
கம்பிகள் அறுந்து ஊரே இருண்டது.
கருவி ஒரு பெருமூச்சோடு அணைந்தது.
என் போனிலும் உயிரில்லை.
முகமூடியைக் கழற்றிப் புரண்டு படுத்தவன்
ஐந்தே நிமிஷத்தில் ஆரம்பித்தான்,
அந்தப் பழைய கப்பல்.

என்ன சுகமாக இருந்தது.
நின்றது.
பத்து எண்ணவில்லை,
விலாவில் முழங்கையால் ஓர் இடி.
"என்ன?" என்றான்.
"ஒன்றுமில்லை, திரும்பிப் படு."
திரும்பினான். மறுபடி. மறுபடி.
விடியும்வரை இப்படியே.
என் முழங்கை வலிக்கிறது.
மின்சாரம் பகலில் வந்தது.
இருவருமே தூங்கி வழிந்துகொண்டிருந்தோம்.
லாரிச் சாவியை எடுத்து
மாவு டப்பாவுக்குள் போட்டேன்.